பாசி தின்ன ஒரு மீன் போதுமா?

விழிஞ்ஞம் என்றதும் இன்று எவருக்கும் நினைவுக்கு வருவது துறைமுகம்தான். 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் இங்கு வந்து நின்றது. 2025 மே 2-ந் தேதி பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதன் பின் செய்தித்தாளில் விழிஞ்ஞம் என்று கண்டால் கப்பலும் கண்டெய்னரும் என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள்.

ஆனால் திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் பஸ் ஏறி, தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் சென்று இறங்குகிறவர்களுக்கு விழிஞ்ஞம் வேறொரு முகத்தையும் காட்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் ஒன்று இங்கே உண்டு. 1947-ல் தொடங்கப்பட்ட இந்த நிலையம், பல ஆண்டுகள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்து, 1971-ல் கொச்சிக்கு மாறியது. விழிஞ்ஞம் மையம் கடல் அலங்கார மீன்களைத் தொட்டியில் வளர்ப்பதிலும் குஞ்சு பொரிக்க வைப்பதிலும் பெயர் பெற்றது. மையத்தைச் சேர்ந்த 'சாகரிகா' காட்சியகத்தில் கோமாளி மீனைக் கண்டு, "நம் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி வைத்தால் என்ன?" என்று பெற்றோரை நச்சரித்த பிள்ளைகள் ஏராளம்.

அந்த ஆசையில் தொட்டி வைத்தவர்கள் எல்லோரும் ஓராண்டுக்குள் சந்திக்கும் எதிரி ஒன்றுதான். அது பாசி. அந்தப் பாசிக்கு மருந்தாக அவர்கள் வாங்கிப் போடும் மீனின் கதை பல வீடுகளில் சோகமாகவே முடிகிறது.

கண்ணாடிக்குள் ஒரு பார்

கடலடியில் உள்ள பாறைத் திட்டைத் தமிழ் மீனவரும் மலையாள மீனவரும் 'பார்' என்றே சொல்வார்கள். மீன் கூடும் இடம் அது. திருவனந்தபுரம் கடற்கரையில் கட்டுமரக்காரர்கள் பாறாங்கற்களையும் தென்னங்கட்டைகளையும் கடலில் இறக்கித் தாங்களே செயற்கைப் பார் அமைத்த வழக்கமும் உண்டு. கல் விழுந்த இடத்தில் முதலில் பாசி படரும். பாசியைத் தேடிச் சிறு மீன் வரும். சிறு மீனைத் தேடிப் பெரிய மீன் வரும். தூண்டில்காரர் பிழைப்பு நடக்கும்.

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியும் இதே போன்ற ஒரு சிறு பார்தான். சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் ஒரு தமிழ்க் குடும்பம், வீட்டின் முன்னறையில் நான்கடி நீளத் தொட்டி வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 250 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் என்ற கடலின் உப்பளவு. உள்ளே செயற்கைப் பாறை அடுக்கு. இரண்டு கோமாளி மீன்கள், மூன்று டாம்சல்கள். மீனின் கழிவில் உண்டாகும் அமோனியா விஷத்தைப் பாறையில் குடியேறும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை பெருகி நிலைபெற ஆறு வாரம் ஆகலாம். அதுவரை பொறுத்திருந்து மீன் விட்டவரின் தொட்டி, ஆறு மாதத்தில் நிலைபெற்ற தொட்டியாகிவிடும்.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைக்கும் வேளையில் பாறையின் ஓரத்தில் பச்சை நூல்கள் தலைகாட்டும். ஒரு மாதத்தில் பாறையே தெரியாது. கடைக்குப் போய் முறையிட்டால், "ஒரு டேங் மீன் வாங்கிப் போடுங்க அண்ணாச்சி, பாசியெல்லாம் பத்து நாளில் காலி" என்று ஆறுதல் கிடைக்கும்.

நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்களுக்கு இந்த யோசனை இயல்பாகவே படும். அங்கே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் சக்கர் மீனை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நன்னீர் வழக்கத்தை அப்படியே உப்புநீருக்குக் கொண்டு வரும்போதுதான் தவறு தொடங்குகிறது.

பச்சை ஏன் படர்கிறது?

பாசி வளர வேண்டியவை மூன்று: வெளிச்சம், நைட்ரேட், பாஸ்பேட். மீனுக்குப் போடும் தீனியில் மிஞ்சியது அழுகினால் பின்னிரண்டும் சேரும். மீன் கழிவிலும் அவை உண்டு. ஆவியாகிப் போன நீருக்கு ஈடாகக் குழாய் நீரையோ கிணற்று நீரையோ ஊற்றினால் அதிலும் வரலாம். ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தால் சொல்லவே வேண்டாம்.

கடலிலும் இதே கணக்குத்தான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்கேரளக் கரையோரம் ஆழ்கடலின் குளிர்ந்த நீர் மேலெழுந்து வரும். அதில் சத்துகள் மிகுதி. கடல் பச்சை நிறம் கொள்ளும், நுண்பாசி பெருகும், அதைத் தின்னும் சாளை மீன் கூட்டமும் வரும். கடலுக்கு அது வளம். 250 லிட்டர் தொட்டிக்கு அதுவே தொல்லை.

இங்கு கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பாசி தின்னும் மீன் பாசியைத்தான் தின்கிறது. பாசியை வளர்க்கும் சத்தைத் தொட்டியை விட்டு வெளியேற்றுவதில்லை. தின்றதில் ஒரு பங்கு அதன் உடம்பில் சேரும். மற்றது கழிவாகி அதே நீருக்குத் திரும்பும். ஆகவே காரணம் நீங்காத தொட்டியில் புது மீன் விடுவது, கூரை ஒழுகும் வீட்டில் தண்ணீரைத் துடைக்க ஆள் வைப்பது போலத்தான்.

பாசி தின்னிகள் இல்லாத கடல்

அப்படியானால் பாசி தின்னும் மீனால் பயனே இல்லையா? உண்டு, அது சாமானியப் பயன் அல்ல. இதற்கு மேற்கிந்தியத் தீவான ஜமைக்கா தரும் சாட்சியத்தைப் பார்க்கலாம்.

ஜமைக்காவின் பவளப் பாறைகளில் பாசி தின்னும் மீன்களை மக்கள் நெடுங்காலமாகப் பிடித்துத் தீர்த்து வந்தார்கள். எஞ்சிய காவலாளி நீண்ட முள் கொண்ட ஒரு கடல் முள்ளெலி இனம். 1983-ல் ஒரு கொள்ளைநோய் வந்து கரீபியன் கடல் முழுவதும் அந்த இனத்தை ஏறக்குறைய துடைத்துவிட்டது. 1980-ல் வீசிய பெரும்புயலில் ஏற்கெனவே நொறுங்கியிருந்த பவளங்கள் மீது பாசி ஏறியது. 1970களின் பிற்பகுதியில் பாறைப் பரப்பில் பாதியளவு இருந்த உயிர்ப்பவளம் 1990களின் தொடக்கத்தில் நூற்றுக்கு 5 பங்குக்கும் கீழே போயிற்று. பாசியோ நூற்றுக்கு 90 பங்கை எட்டியது.

அருகில் மன்னார் வளைகுடாவிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கடற்பாசி சாகுபடிக்காகக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டுக் காப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவின் பவளங்கள் மீது படர்ந்து மூடுவதாக 2008-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பாசிக்கும் பவளத்துக்கும் ஓயாத இடப்போட்டி உண்டு என்பதையும், பவளத்தின் பக்கம் நிற்பவை பாசி தின்னும் உயிர்கள்தாம் என்பதையும் இவை காட்டுகின்றன.

எனவே நிலைபெற்ற தொட்டியில் அளவறிந்து சேர்க்கப்படும் பாசி தின்னி நல்ல துணை. ஆனால் துணையை மட்டுமே நம்பி வேலையை விட்டுவிடக்கூடாது.

யார் எதைத் தின்னும்?

'பாசி' என்று ஒரே சொல்லால் சொன்னாலும் தொட்டியில் காண்பது பல வகை. புதுத் தொட்டியில் மணல் மீது படியும் பழுப்புத் தூசி, டயாட்டம் என்னும் நுண்பாசி. அது பெரும்பாலும் சில வாரத்தில் தானே அடங்கும். அதற்காக மீன் வாங்குவது வீண். செந்நிறச் சவ்வு போல் மணலைப் போர்த்துவது உண்மையில் பாசியே அல்ல. ஒளியில் வாழும் ஒருவகை பாக்டீரியா. அதைத் தின்று தீர்க்கும் மீன் என்று எதையும் நம்பி வாங்க முடியாது. கழிவைக் குறைத்து, நீரோட்டத்தைக் கூட்டுவதே வழி. பச்சைப் படலமும் பச்சை நூல் பாசியுமே மீனுக்கு இரை.

பச்சைப் படலத்துக்கு ஏற்றது பிளென்னி என்னும் சிறு மீன். 'லான்மோவர் பிளென்னி', அதாவது புல்வெட்டி, என்று கடைகளில் பெயர். நீளம் 14 சென்டிமீட்டரைத் தாண்டாது. பாறை இடுக்கில் வாலை வைத்துக்கொண்டு, இரு கண்ணையும் தனித்தனியே உருட்டிப் பார்க்கும் வேடிக்கைப் பிராணி. 250 லிட்டர் தொட்டிக்கு ஒன்று போதும். இரண்டு விட்டால் சண்டை.

நூல் பாசிக்குச் சிறந்தது ஓரா. நம் கரையோரச் சந்தைகளில் கறிக்கு விற்கும் அதே இனம்தான். அதன் வண்ண வகைகள் தொட்டிக்கு வருகின்றன. சாதுவான மீன். ஆனால் முதுகு முள்ளில் விஷம் உண்டு. கை போடுகிறவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான நீரில் கையை வைத்திருந்தால் கடுப்பு தணியும். மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது 'டேங்' என்று கடைக்காரர் சொல்லும் சர்ஜன் மீன். வாலடியில் இருபுறமும் கத்தி போன்ற முள் இருப்பதால் அந்தப் பெயர். மஞ்சள் டேங்கும் அதன் உறவினங்களும் நாள் முழுவதும் மேயும். திரைப்படத்தில் 'டோரி'யாக வந்து உலகப் புகழ் பெற்ற நீல டேங்கைப் பாசிக்காக வாங்கிப் போவோர் உண்டு. அதுவோ பெரும்பாலும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்பது. வளர்ந்தால் ஓரடி வரும். நான்கடித் தொட்டி அதற்குச் சிறைதான். பொதுவாக டேங் இனத்துக்கு 400 அல்லது 500 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு.

பாசி தின்னிகளில் கிளிமீனும் உண்டு. கிளிமூக்குப் போன்ற பல்லால் பாறையையே சுரண்டுவது. கேரளச் சந்தையில் கிளிமீன் என்று கூவி விற்கப்படும் செந்நிற மீன் வேறு. பெயர் ஒன்றானாலும் அது பாசி தின்னி அல்ல. சுரண்டும் கிளிமீனோ வீட்டுத் தொட்டிக்கு அடங்காதது.

மீன் எதுவும் வேண்டாம் என்றால் டர்போ நத்தைகள் இருக்கின்றன. சிறு தொட்டிக்கு அவையே போதும்.

மூன்றாம் வாரத்துக்குப் பிறகு

மேலே சொன்ன கடைத்தெருக் குடும்பம் ஒரு டேங் மீனை வாங்கி அன்றே தொட்டியில் விட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் வீட்டில் கொண்டாட்டம். பாறை வெளுத்து வரும். மூன்றாம் வாரம் தொட்டி கண்ணாடி போல் இருக்கும். "மீன் வேலையை முடித்துவிட்டது" என்று எல்லோரும் மகிழ்வார்கள்.

அன்றுதான் அந்த மீனின் பட்டினி தொடங்குகிறது.

பாசி சத்துக் குறைந்த உணவு. அதைத் தின்று வாழும் மீன், ஆடு மேய்வதுபோல் விடிந்தது முதல் இருட்டும் வரை மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். சர்ஜன் மீனின் நீண்ட குடல் தனி உலகம். செங்கடலில் பிடிபட்ட ஒரு சர்ஜன் மீனின் குடலில், வெறும் கண்ணுக்கே தெரியுமளவு பெரிய நுண்ணுயிர் ஒன்றை 1985-ல் விஞ்ஞானிகள் கண்டு விவரித்தார்கள். அது ஒரு பாக்டீரியா என்பது 1993-ல் உறுதியாயிற்று. இப்படிப்பட்ட வயிற்றுக்குக் காலையும் மாலையும் கோமாளி மீனுக்குப் போடும் இறால் தூள் போதாது.

தொட்டியில் பாசி தீர்ந்த பின் மீனின் வயிறு உள்ளொடுங்கும். தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றி, உடல் கத்தித் தகடு போலாகும். நிறம் மங்கும். இவற்றைப் பார்க்கப் பழகாத கண்ணுக்கு மீன் நீந்துவது மட்டுமே தெரியும். இரண்டு மாதத்தில் ஒரு காலை பாறைக்குப் பின்னால் அது செத்துக் கிடக்கும். உடனே எடுக்காவிட்டால் அந்தப் பிணமே அழுகி அமோனியாவைக் கூட்டி மற்ற மீன்களையும் இழுத்துக்கொண்டு போகும். கடலில் 30 ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய இனம், வேலை செய்ததற்குக் கூலியாகப் பெறுவது இதுதான்.

தவிர்ப்பது கடினம் அல்ல. பாசி குறையத் தொடங்கும் முன்பே கடற்பாசித் தீனி கொடுத்துப் பழக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மசாலா சேராத நோரித் தகடு போதும். ராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் கடலில் சேகரிக்கும் கஞ்சிப்பாசியின் இனங்களையும் இவை விரும்பித் தின்னும். நன்கு கழுவி, கிளிப் ஒன்றில் மாட்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டால் மீன் தானே வந்து கொத்தும். மிச்சத்தை மாலையில் எடுத்துவிட வேண்டும்.

வந்த அன்றே விடலாமா?

நிலைபெற்ற தொட்டியில் புது மீன் விடுவது, குடித்தனம் நிறைந்த வீட்டில் புது ஆளைக் குடி வைப்பதற்குச் சமம். முதல் ஆபத்து நோய். டேங் இனத்தை வெள்ளைப்புள்ளி நோய் எளிதில் பிடிக்கும். ஒட்டுண்ணி ஒரு மீனோடு வந்தால் தொட்டி முழுவதும் பரவும். அதைக் கொல்லும் தாமிர மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் நத்தையும் இறாலும் சாகும். ஆகவே புது மீனைத் தனித் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். அந்த நாட்களில் அது தீனி எடுக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கடையிலேயே, "இது தின்பதைக் காட்டுங்கள்" என்று கேட்டு வாங்குவது அதைவிட உத்தமம்.

இரண்டாவது ஆபத்து சண்டை. முன்பே இருக்கும் டாம்சலுக்கு ஒவ்வொரு இடுக்கும் சொந்தம். விளக்கை அணைத்து, பாறைகளில் சிலவற்றை இடம் மாற்றி வைத்து, இரவில் புது மீனை விட்டால் பழையவையும் புதிதாக இடம் தேட வேண்டியிருக்கும், அடிதடி குறையும். ஒரே உருவமும் நிறமும் கொண்ட இரண்டு டேங்குகளைச் சேர்க்கவே கூடாது.

எந்தக் கடலில் பிடித்தது?

அலங்கார மீன் என்றாலே சென்னை கொளத்தூரை நினைப்பவர் பலர். அங்கே குவியும் நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் மீன் நிலை வேறு. பாசி தின்னும் கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் ஏதோ ஒரு கடலின் பாரிலிருந்து வலை போட்டுப் பிடித்தவையே. பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய சயனைடு விஷம் தெளித்துப் பிடிக்கும் முறை, மீனோடு பவளத்தையும் கொன்றது.

கோமாளி மீனின் கதி மாறியதற்கு விழிஞ்ஞம், மண்டபம் ஆகிய மையங்களும் காரணம். கோமாளி மீன் பாறை மேல் முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் காவல் காக்கும். ஒரு வாரம் போலக் கழித்துக் குஞ்சு வரும். அதனால் தொட்டியில் வளர்ப்பது கைகூடிற்று. டேங்கோ நடுநீரில் முட்டையைச் சிதறவிட்டுப் போய்விடும். கண்ணுக்குப் புலப்படாத குஞ்சுகள் வாரக்கணக்கில் கடலில் மிதந்து வளரும். அவற்றுக்கேற்ற நுண்ணிய இரையைத் தருவதே பெரும்பாடு. ஹவாய் ஆய்வாளர்கள் மஞ்சள் டேங்கை 2015-லும், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் நீல டேங்கை 2016-லும்தான் முதன்முறையாகத் தொட்டியில் வளர்த்துக் காட்டினார்கள். பண்ணையில் பிறந்தது கிடைக்குமானால், விலை கூடினாலும் அதை வாங்குவதே நல்லது. தொட்டித் தீனிக்கும் அது பழகியிருக்கும்.

சட்டமும் ஒன்று உண்டு. பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குள்ள பாதுகாப்பே அவற்றுக்கும். நம் கடற்பவளத்தை எடுத்து வீட்டில் வைப்பதோ விற்பதோ குற்றம். செயற்கைப் பாறையே இங்கு பவளப் பாறைக்கு மாற்று.

வாங்கும் முன்

பாசி கண்டவர் முதலில் பார்க்க வேண்டியது கடையை அல்ல, தன் தொட்டியை. தீனியைப் பாதியாகக் குறைத்து, விளக்கை எட்டு மணி நேரத்தோடு நிறுத்தி, வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றி, பாசியைக் கையால் பிடுங்கி வெளியே எறிந்தால் சத்தும் அதோடு வெளியேறும். ஒரு மாதம் இப்படிச் செய்து பார்த்த பிறகும் பச்சை மிஞ்சினால், அதன் வகை பார்த்து, தொட்டியின் அளவு பார்த்து ஒரு மீன் வாங்கலாம்.

தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்துவிட்டால் அதைக் கோவளத்திலோ விழிஞ்ஞத்திலோ கொண்டு போய்க் கடலில் விட்டுவிடலாம் என்று எண்ணக்கூடாது. நன்னீர்த் தொட்டியிலிருந்து வெளியேறிய சக்கர் மீன் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆறு குளங்களில் பெருகிப் படுத்தும் பாட்டை எல்லோரும் அறிவர். கடைக்கே திருப்பிக் கொடுப்பது, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைப்பது ஆகிய இரண்டுமே சரியான வழி.

விழிஞ்ஞத்துப் பாறைகளில் இன்றும் சிப்பி எடுப்போர் மூழ்கி எழுகிறார்கள். அந்தப் பாறைகளின் பாசியைத் தின்ன எத்தனையோ உயிர்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஓரிடத்தில் பாசி தீர்ந்தால் அடுத்த பாறைக்குப் போய்விடும். வீட்டுத் தொட்டியில் அடுத்த பாறை கிடையாது. அங்கே மேயும் மீனுக்கு மேய்ச்சல் நிலம் தொட்டிக்காரரின் கையில்தான் இருக்கிறது.